பானையடியில் நின்ற சிவப்புக் கசடு



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார். "சார், பெயிண்ட் டப்பாவுலயும் நானோ, வாட்டர் பில்டர்லயும் நானோ, மூஞ்சியில பூசுற கிரீம்லயும் நானோன்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன சார்? சும்மா விலை ஏத்துறதுக்கா?" நாலைந்து பேர் சிரிப்புப் படம் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது, 35 ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நான் சொன்ன ஒரு பதில் தவறு என்று தெரிந்தது. இன்றைய பதிவு அதைப் பற்றித்தான்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன், விஞ்ஞானி அல்ல. உங்களுக்குப் பாடம் சொன்ன மாதிரியேதான் இதையும் சொல்லத் தெரியும். பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1989 வாக்கில் இருக்கும். ஏழாம் வகுப்பில் துருப்பிடித்தல் பாடம். மூன்று சோதனைக் குழாய்கள், மூன்று ஆணிகள். முதல் குழாயில் சாதாரணத் தண்ணீர். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. அது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கேட்டு வாங்கி வந்தது. சில நாளில் முதல் குழாயில் இருந்த ஆணி மட்டும் துருப்பிடித்தது. "காற்றும் நீரும் சேர்ந்தால்தான் துரு. துரு என்பது இரும்புக்கு வந்த நோய். அதனால் யாருக்கும் ஒரு பயனும் கிடையாது" என்று பாடத்தை முடித்தேன்.

அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சார், அடிபம்புல அடிக்கும்போது தண்ணி கண்ணாடி மாதிரி வருது. பானையில ஊத்தி ராத்திரி வெச்சா காலையில அடியில செவப்பா கசடு நிக்குது. தண்ணியில இல்லாத துரு பானைக்குள்ள எப்படி சார் வந்துச்சு? அதால எதுவும் பயன் உண்டா?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியமும் அந்த வயதில் இல்லை. "பம்பு பழசும்மா. பானையை நல்லாத் தேய்ச்சுக் கழுவு. உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் கேட்ட கேள்விக்கு இன்று என் பதிலை எழுதுகிறேன். இதற்குள்ளேயே பட்டறைத் தம்பியின் நானோ கேள்விக்கும் விடை இருக்கிறது.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோ மீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் நானோ மீட்டர் வரை இருக்கும். ஒன்று முதல் நூறு நானோ மீட்டர் வரை உள்ள துகள்களைத்தான் நானோ துகள்கள் என்கிறோம். உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் உலோக ஆக்சைடு. வெள்ளைப் பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு, வெயிலுக்குப் பூசும் கிரீமில் துத்தநாக ஆக்சைடு. இரும்பின் ஆக்சைடுகளில் நமக்கு நன்றாகத் தெரிந்தது துரு.

ஒரே பொருள் பொடியானால் என்ன மாறும்? கட்டி வெல்லத்தையும் தூள் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தூள் உடனே கரையும். தண்ணீர் படும் இடம், அதாவது புறப்பரப்பு, தூளுக்கு அதிகம். இப்போது ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத் துருக் கட்டி ஒன்று. அதன் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 5 நானோ மீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 லட்சம் வெட்டு. எல்லாத் துண்டுகளின் புறப்பரப்பையும் கூட்டினால் 1,200 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 30 சென்ட் நிலம்! விரல் நுனியில் அடங்கும் துருக் கட்டிக்குள் ஒரு வீடு, தோட்டம், கிணறு எல்லாம் அடங்கும் அளவுக்குப் பரப்பு இருக்கிறது.

காலையில் பிரார்த்தனைக்கு உங்களைக் கைகோத்து நிற்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? நடுவில் நிற்பவனுக்கு இரண்டு கையும் பிடிபட்டிருக்கும். ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு கை சும்மா இருக்கும். புதிதாக ஒருவன் வந்தால் அந்தக் கையைத்தான் பிடிப்பான். துகளின் ஓரத்தில் உள்ள இரும்பு அணுக்களும் அப்படித்தான். துகள் சிறியதாக ஆக ஆக, ஓரத்தில் நிற்பவர்களின் பங்கு கூடும். சும்மா இருக்கும் கைகளும் கூடும். அந்தக் கைகள் எதைப் பிடிக்கின்றன என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

1834. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம். ராபர்ட் புன்சனுக்கு அப்போது 23 வயதுதான். ஆய்வகத்தில் நாம் பார்த்த புன்சன் அடுப்பு இவர் பெயரால் வந்ததுதான், ஆனால் அது இருபது ஆண்டு கழித்து. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆர்சனிக் என்றாலே கொலை நினைவுக்கு வரும். நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதைத்தான். பார்க்க மாவு போல இருக்கும். சுவை தெரியாது. உணவில் கலந்தால் கண்டுபிடிப்பது கடினம். உடலில் போய்விட்டால் முறிக்க மருந்தும் இல்லை.

புன்சனும் பெர்த்தோல்ட் என்ற மருத்துவரும் சேர்ந்து விலங்குகளில் சோதித்து ஒரு முறிவு மருந்தை வெளியிட்டார்கள். அது என்ன தெரியுமா? இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியா சேர்த்தால் பழுப்பு நிறத்தில் கூழ் போலக் கிடைக்கும் வீழ்படிவு. ஈரமான, அப்போதே செய்த துரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விழுங்க வைத்தால் வயிற்றில் இருக்கும் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட ஆர்சனிக் கரையாது. கரையாதது ரத்தத்தில் சேராது.

புன்சன் பிற்பாடு ஆர்சனிக் கலந்த ககோடைல் என்ற சேர்மத்தை ஆராயும்போது வெடிப்பில் ஒரு கண் பார்வையை இழந்தார். ஆர்சனிக் நஞ்சால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். நஞ்சோடு பழகியே நஞ்சை அறிந்தவர் அவர்.

அந்த முறிவு மருந்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அது புதிதாகச் செய்ததாக இருக்க வேண்டும். முன்கூட்டியே செய்து அலமாரியில் வைத்தால் வீரியம் போய்விடும். அதனால் 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் ஓர் ஏற்பாடு சொல்லின. இரும்பு உப்புக் கரைசல் ஒரு புட்டியில், மக்னீசியா இன்னொரு புட்டியில். நஞ்சுண்டவரைக் கொண்டுவந்தால் உடனே இரண்டையும் கலந்து கொடுக்க வேண்டும்.

ஏன் பழசானால் வேலை செய்யவில்லை? இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் எல்லாம் அதிலும் இருக்கின்றனவே? அன்று யாருக்கும் விடை தெரியாது. துகளைப் பார்க்கவோ அளக்கவோ அன்று வழி இல்லை.

1861. லண்டனில் தாமஸ் கிரகாம். வாயு விரவலில் கிரகாம் விதி என்று படித்தீர்களே, அவரேதான். அவர் தோல்தாள் எனப்படும் பார்ச்மென்ட் காகிதத்தைச் சல்லடை மாதிரி பயன்படுத்தினார். உப்பும் சர்க்கரையும் அதன் வழியே வெளியே போய்விட்டன. பசை போன்றவை உள்ளேயே தங்கின. அப்படித் தங்குபவற்றுக்கு அவர் வைத்த பெயரைத்தான் நாம் கூழ்மம் என்கிறோம். பிரிக்கும் முறைக்கு அவர் வைத்த பெயர் டயாலிசிஸ். இன்று சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்கிறார்களே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. இரும்பு ஆக்சைடையும் அவர் இந்த முறையில் பிரித்தார். ஆழ்ந்த சிவப்பில், கண்ணுக்கு ஒரு துகள்கூடத் தெரியாத திரவம் கிடைத்தது. அது டானிக்காகவும் விற்பனைக்கு வந்தது. நானோ என்ற சொல் வருவதற்கு முன்பே மனிதர் நானோ துருவைச் செய்துவிட்டார்கள். அதை அளக்கத்தான் முடியவில்லை.

1916. மறுபடியும் கோட்டிங்கன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஹாலந்து நாட்டுக்காரர் பீட்டர் டிபை, சுவிஸ்காரர் பால் ஷெரர் இருவரும் பொடி செய்த படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று படம் பிடித்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோடுகள் விழுந்தன, கைரேகை மாதிரி. 1918இல் ஷெரர் இன்னொன்றைக் கண்டார். படிகம் பெரிதாக இருந்தால் கோடு மெல்லியதாக, கூர்மையாக விழும். படிகம் சிறுத்தால் கோடு அகன்று மங்கும். கோட்டின் அகலத்தை அளந்து துகளின் அளவைக் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார். நூறு ஆண்டு கழிந்தும் நானோ துகள் செய்யும் மாணவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அந்த ஷெரர் சூத்திரத்தைத்தான்.

அடுத்த இருபது ஆண்டில் கருவிகள் வரிசையாக வந்தன. 1931இல் பெர்லினில் நோல், ருஸ்கா இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அடித்தளம் போட்டார்கள். 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் ஒரு பொடியின் புறப்பரப்பை அளக்க வழி சொன்னார்கள். பொடியை நன்றாகக் குளிர வைத்து நைட்ரஜன் வாயுவை விட்டால், வாயு அதன்மீது போர்வை போலப் படியும். போர்த்த எவ்வளவு வாயு பிடித்தது என்று தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும். வெள்ளையடிக்க எத்தனை வாளி சுண்ணாம்பு ஆனது என்பதை வைத்துச் சுவரின் பரப்பைச் சொல்வது மாதிரி.

இந்தக் கருவிகளை எல்லாம் வைத்துப் பார்த்தபோது பழைய புதிர் அவிழ்ந்தது. புதிதாக வீழ்படிந்த துருவில் துகள்கள் சில நானோ மீட்டர் அளவே இருக்கும். எக்ஸ் கதிரில் பார்த்தால் இரண்டே இரண்டு கோடுகள், அவையும் அகன்று மங்கிய கோடுகள். அதனால் அதற்கு 'இரு கோட்டுப் பெர்ரிஹைட்ரைட்' என்றே பெயர். ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் புறப்பரப்பு. ஆனால் அது நிலையாக நிற்காது. வைத்திருக்க வைத்திருக்க, அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கோதைட், ஹேமடைட் என்ற பெரிய படிகங்களாக மாறிவிடும். பரப்பு குறையும். சும்மா இருந்த கைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். மருந்துப் புட்டியில் வீரியம் போனதற்குக் காரணம் இதுதான். பொருள் கெட்டுப்போகவில்லை, துகள் வளர்ந்துவிட்டது.

சரி, இதை வளர விடாமல் நிறுத்த முடியுமா? நம் உடம்பு அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது! ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பெர்ரிடின் என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். 1937இல் லாஃப்பெர்கர் என்ற செக் நாட்டு அறிஞர் குதிரையின் மண்ணீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அது ஒரு புரதக் கூண்டு. வெளிவிட்டம் 12 நானோ மீட்டர். உள்ளே 4,500 இரும்பு அணுக்கள்வரை அடங்கும். எந்த உருவில் என்று கேட்டால், பெரும்பாலும் அந்தப் பெர்ரிஹைட்ரைட் உருவில்தான். கூண்டுக்குள் இருப்பதால் அது வளர்ந்து படிகமாவதில்லை. வேண்டும்போது எடுக்க முடிகிறது. துருவால் பயனில்லை என்று வகுப்பில் சொன்னேனே, அப்படிச் சொன்னவனின் கல்லீரலிலேயே நானோ துரு இருந்திருக்கிறது.

இனி வங்காளத்துக்குப் போவோம். இந்த அறிவு உயிர்காக்கும் விஷயமாக மாறியது அங்கேதான்.

1970களில் வங்கதேசத்துக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க அரசும் யுனிசெஃபும் குழாய்க் கிணறுகள் போட்டுக் கொடுத்தன. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. மக்கள் தாங்களும் லட்சக்கணக்கில் கிணறு போட்டுக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். உடம்பில் மழைத்துளி விழுந்தது போலப் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்த்துப்போன முடிச்சுகள். அவர் அதை ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகத் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதித்து உலகத்துக்குச் சொன்னார். 1993இல் வங்கதேசத்திலும் உறுதியானது. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, மூன்றரைக் கோடி முதல் 7.7 கோடி மக்கள்வரை ஆபத்தில் இருப்பதாகவும், வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் இது என்றும் சொன்னது. அங்கே ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்ல கிணற்றுக்குப் பச்சை, நஞ்சுக் கிணற்றுக்குச் சிவப்பு என்று வண்ணம் பூசினார்கள். வீட்டு வாசலில் இருக்கும் பம்பு சிவப்பாகிவிட்டால் அந்தத் தாய் தண்ணீருக்கு எங்கே போவாள்?

இத்தனை ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? ஆலைக் கழிவு அல்ல. இமயமலைப் பாறைகள் தேய்ந்து ஆறுகளில் வண்டலாக வரும்போது, மண் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கும். அது ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும். வண்டல் டெல்டாவில் புதைகிறது. அதோடு சேர்ந்து புதைந்த இலைதழைகளை நுண்ணுயிர்கள் தின்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. காற்றில்லாத அந்த ஆழத்தில் துரு கரைகிறது. துரு கரைந்தால் அது பிடித்திருந்த ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. 1998இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இந்தக் காரணத்தை விளக்கியது. பல்லாயிரம் ஆண்டுகளாக நஞ்சைப் பிடித்து வைத்திருந்ததும் துரு. கைவிட்டதும் துரு. எனவே மீண்டும் பிடிக்கச் சொல்லித் துருவிடமே போனார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி பத்து லாரிக்கு மொத்தம் ஒரு கிராம். அதற்கு மேல் இருக்கக் கூடாது. மின்சாரம் இல்லாத, குழாய் இணைப்பு இல்லாத கிராமத்து வீட்டில் இதைச் சாதிக்க வேண்டும். அதோடு 1834இன் பழைய பிரச்சினையும் உண்டு. துரு புதிதாக இருக்க வேண்டும். இதற்கு மூன்று விதமாக விடை தேடினார்கள்.

முதல் விடை: தினமும் புதுத் துரு உண்டாக்குவது. வங்கதேசத்தின் குஷ்தியாவைச் சேர்ந்த, அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்த அபுல் ஹுசாம், 'சோனோ' வடிகட்டியைச் செய்தார். இரண்டு வாளி, ஆற்று மணல், கரி, செங்கல் ஜல்லி, நடுவில் வார்ப்பிரும்புச் சீவல். பட்டறைத் தம்பி, நீங்கள் பெருக்கித் தள்ளும் அதே மாதிரிச் சீவல்தான்! தண்ணீர் போகப் போகச் சீவல் துருப்பிடிக்கும். புதுத் துரு ஆர்சனிக்கைப் பிடிக்கும். 2007இல் அமெரிக்கப் பொறியியல் கழகம் இதற்குப் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கொடுத்தது. அவர் அதில் பெரும்பகுதியை வடிகட்டிகளை மக்களுக்குக் கொடுப்பதற்கே ஒதுக்கினார்.

இரண்டாவது விடை: துகளின் அளவைக் கட்டுப்படுத்துவது. 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கால்வின், ஜாஃபர் யாவுஸ் குழுவினர் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் துகள்களை ஒரே அளவில், 12 நானோ மீட்டர் போலச் செய்தார்கள். கொழுப்பு அமிலத்தில் சூடாக்கிச் செய்யும் முறை. ஒவ்வொரு துகளும் அமிலச் சட்டை போட்டுக்கொள்வதால் ஒன்றோடொன்று ஒட்டி வளராது. ஆர்சனிக்கைப் பிடித்த துகளைச் சாதாரணக் காந்தத்தால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். அவ்வளவு சிறிய துகளைப் பலம் குறைந்த காந்தம் இழுக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பிற்பாடு துரு, சமையல் எண்ணெய், வினிகர் போன்ற எளிய பொருள்களைக் கொண்டே செய்யும் முறையையும் சொன்னார்கள்.

மூன்றாவது விடை நம் சென்னையிலிருந்து வந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர், இரு கோட்டுப் பெர்ரிஹைட்ரைட்டைக் கூண்டில் அடைத்தார்கள். கூண்டுக்குப் பயன்பட்டது கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள். கைட்டோசான் இழைகளுக்கு நடுவே துரு உருவாகும்போது, அது நானோ அளவிலேயே சிறைப்பட்டு நிற்கிறது. சாதாரண வெப்பநிலையில் வைத்திருந்தாலும் வளர்ந்து கோதைட்டாக மாறுவதில்லை. பெர்ரிடின் நம் உடம்பில் செய்யும் வேலையை இங்கே இறால் ஓடு செய்கிறது. மின்சாரம் தேவையில்லை. 2017இல் இந்த ஆய்வு வெளியானது. 'அம்ரித்' என்று பெயரிட்ட இந்த முறை மேற்கு வங்கக் கிராமங்களில் தண்ணீர் வடிகட்டுகிறது. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புன்சன் காலத்தில் இரண்டு புட்டியில் பிரித்து வைத்துக் காத்த 'புதுமை' இப்போது ஒரு பிடி குருணையில் அடங்குகிறது. ஏறத்தாழ 180 ஆண்டு இடைவெளி!

இதில் இன்னும் தீராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிடிபட்ட ஆர்சனிக் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது துருவோடு இருக்கிறது. வேலை முடிந்த துருவைக் கண்ட இடத்தில் கொட்டி, அது மறுபடி காற்றில்லாத சேற்றில் புதைந்தால், பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும். வடிகட்டி கொடுப்பதோடு வேலை முடியாது. சோதிப்பதும் மாற்றுவதும் கழிவைப் பத்திரமாகச் சேர்ப்பதும் ஆள் நின்று செய்ய வேண்டிய வேலை.

உறவினர்கள் சிலர் அயச்செந்தூரமும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். இரண்டிலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. ஆனால் செய்முறை வேறு, பயன் வேறு. மருத்துவர் சொல்லாமல் எதையும் சாப்பிடாதீர்கள். துருப்பிடித்த ஆணியைக் குடத்தில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

பட்டறைத் தம்பிக்கு: நானோ என்பது வெறும் விலை ஏற்றும் சொல் அல்ல. ஆனால் டப்பாவில் அச்சடித்துவிட்டால் மட்டும் அது நானோ ஆகிவிடாது. எந்தப் பொருள், எவ்வளவு சிறியது, சிறியதாக இருப்பதால் என்ன வேலை செய்கிறது, அதை யார் அளந்து பார்த்தார்கள் என்ற கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவன் விலை ஏற்றுகிறான்.

இனி அந்த மாணவிக்கு என் பதில்.

அம்மா, உன் பானையில் இருந்தது பம்பின் துரு அல்ல. நிலத்தடியில் காற்று இல்லாததால் இரும்பு தண்ணீரில் கரைந்து, நிறமில்லாமல் இருந்தது. அதனால்தான் கண்ணாடி மாதிரி வந்தது. பானையில் ஊற்றி வைத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டது. இரவு முழுக்க உன் பானைக்குள் நானோ துகள்கள் பிறந்து, ஒன்றுசேர்ந்து, கனத்து, அடியில் இறங்கின. நீ காலையில் பார்த்தது புதிதாகப் பிறந்த பெர்ரிஹைட்ரைட். புன்சனின் முறிவு மருந்தும் அம்ரித்தின் குருணையும் அந்தக் கசடின் உறவுதான். வங்காளத்தில் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி ஒரு இரவு வைத்தால், இரும்பு மிகுந்த தண்ணீராக இருந்தால், கசடோடு ஆர்சனிக்கிலும் ஒரு பங்கு கீழே இறங்குகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பிக் குடிக்கும் அளவுக்கு இறங்குவதில்லை. ஆனால் வழி அதுதான். "அதால எதுவும் பயன் உண்டா" என்று நீ கேட்டாய். உண்டு அம்மா.

மூன்று சோதனைக் குழாய் வைத்து நான் நடத்திய பாடத்தை விட, உன் வீட்டுப் பானையைப் பார்த்து நீ கேட்ட கேள்வி பெரியது. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று வகுப்பில் நிற்கும் என் மாணவ ஆசிரியர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

அவள் திருமணமாகி வெளியூர் போய்விட்டதாகக் கேள்வி. தொடர்பு எண் என்னிடம் இல்லை. 1989இல் அந்த ஏழாம் வகுப்பில் உடன் படித்தவர்களுக்கு அவள் யார் என்று தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். இந்தப் பதிவை மட்டும் அவளிடம் காட்டுங்கள். சார் பதில் சொல்லிவிட்டார், தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

பிழை இருந்தால் வேதியியல் படித்தவர்கள் தயங்காமல் திருத்துங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்